தங்கசாமியின் அண்ணன்

தங்கசாமி சொன்னால் அந்தப் பக்கத்தில் யாரும் சத்தியம் கேட்க மாட்டார்கள்.

மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்த கரிசல் காடுகளில் ஆட்டுக்கிடைகள் இறங்கும். ராத்திரியில் பட்டியைத் தாண்டி எவனுடைய ஆடோ மிளகாய்ச் செடியை மேய்ந்துவிடும். காட்டுக்காரன் ஒரு கிடையைக் கைகாட்டுவான். அந்தக் கிடைக்காரன் அடுத்த கிடையைக் கைகாட்டுவான். மற்றவர்கள் என்றால் அய்யனார் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, அதை அணைத்துச் சொல்ல வேண்டும். தங்கசாமி வந்தால் சூடம் வாங்க ஆள் போகாது. வேட்டியை மடித்துக் கட்டாமல், முதுகு வளையாமல் வந்து நிற்பார். "எங்க ஆடு இல்ல" என்றால் இல்லை. அதோடு கூட்டம் கலைந்துவிடும்.

ஒரு வருசம் அவர் மகன் சீனி காவலுக்கு இருந்தவன் கண்ணயர்ந்துவிட்டான். பட்டி திறந்து ஆடுகள் ஒரு பாத்தியைக் காலி செய்துவிட்டன. பார்த்தவர் யாருமில்லை. விடிந்ததும் தங்கசாமியே காட்டுக்காரன் வீட்டுக்குப் போய், "எங்க ஆடுதான் மேஞ்சது. ஒன் புஞ்சையில கிடையைப் போடுதேன். கூலி வேண்டாம்" என்று சொல்லி, உரத்துக்கு ஆட்டை அமர்த்திக் கொடுத்துவிட்டு வந்தார். அதைச் சொல்லிச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளை வைதார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுசர் செத்துப்போன சேதி அவருக்கே தெரியவந்தது புரட்டாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலைக் கஞ்சி குடிக்கிற நேரத்தில்.

நாகலாபுரத்திலிருந்து உள்ளே போகும் தார்ச்சாலையின் கடைசி ஊர் தங்கசாமியுடையது. அன்று மேகம் கிழக்கே கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது. மழைக்கு முன் உளுந்தை விதைத்துவிட வேண்டுமென்று சீனி டிராக்டருக்குச் சொல்லிவிட்டு, விதையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். மருமகள் வள்ளிமயில் கம்பங்கஞ்சியைக் கரைத்து வைத்து, பக்கத்தில் சீனியவரைக்காய் வத்தலை வறுத்து வைத்தாள். தங்கசாமி முதல் வாய் குடித்திருப்பார். வாசலில் மோட்டார்பைக் வந்து நின்றது.

வந்தவன் மணிகண்டபிரபு. வெளிநாட்டு டாக்டர் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஆபீசை கோவில்பட்டியில் வைத்திருப்பவன். சீனியின் ஒரே மகள் இந்துஜா நீட் பரீட்சையில் இரண்டாம் தடவை எழுதிப் பாஸாகியிருந்தாள். ஆனால் இங்கே சீட்டுக்கு எட்டுகிற மார்க்கு இல்லை. பாஸாகிவிட்டதால் ஜார்ஜியாவில் சேரலாம் என்று வழி காட்டியவன் இவன்தான்.

"அங்கயும் கிடை போடுத நாடுதானாம் அண்ணாச்சி. டிவியில காட்டினான், மலை பூரா ஆடு" என்று அடுத்த வீட்டுப் பாண்டியம்மாள் அன்றே சொல்லிச் சிரித்தாள். "டாக்டருக்குப் படிச்சு ஆட்டுக்கு ஊசி போடப் போறாளா?"

"மொதல்ல ஒன் வாய்க்குப் போடச் சொல்லுதேன்" என்றார் தங்கசாமி.

போன வாரம்தான் அந்தக் காலேஜ்காரர்கள் லேப்டாப் வழியாக இந்துஜாவை நேர்முகம் கண்டார்கள். உள்வீட்டில் சுவரை மறைத்து வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, அதற்கு முன்னால் அவள் உட்கார்ந்தாள். தங்கசாமி புதுச்சட்டை போட்டுக்கொண்டு, படத்தில் விழாத தூரத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'கிராண்ட்பாதர்' தெரியும். பேத்தி பால்வாடியிலிருந்து வந்து அவரை அப்படித்தான் ஒரு வருசம் கூப்பிட்டாள். நேர்முகத்தில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்கார அம்மாள் நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்தாள்.

டீக்கடையில் ஒரு வாரமாக அதுதான் பேச்சு. "வெள்ளக்காரி நெஞ்சுல கை வச்சுக் கும்பிட்டாள்ல. யாரை? என்னைய. நம்ம பிள்ள குடும்பத்தை விட்டுக்கொடுக்காமப் பேசிருக்கு."

இப்போது மணிகண்டபிரபு உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சீனியைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒரு சின்னச் சிக்கல். தனியாப் பேசுவோமா?" என்றான்.

"இந்த வீட்ல தனி, கூட்டு கிடையாது. சொல்லும்" என்றார் தங்கசாமி.

"ஐயா, காலேஜ்ல இருந்து மெயில் வந்திருக்கு. செலவுக்குப் பொறுப்பு யாரு, ஸ்பான்சருன்னு கேட்டதுக்கு ஒங்க பேரத்தான கொடுத்திருக்கோம். நெலம், டெபாசிட் எல்லாம் ஒங்க பேர்லதான இருக்கு. தங்கசாமி, உறவு தாத்தா அப்படின்னு..."

"ஆமா. நாந்தான் தாத்தா. அதுல என்ன?"

மணிகண்டபிரபு தலைக்கவசத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "தாத்தா எப்படி ஸ்பான்சர் ஆக முடியும்னு கேக்காங்க."

"ஏன், தாத்தான்னா ஆகாதா? அந்த ஊர்ல தாத்தன்மார் பேரனுக்குச் செய்ய மாட்டாங்களா?"

வள்ளிமயில் வத்தல் கிண்ணத்தை எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். உள்ளேயிருந்து இந்துஜா வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, நீங்க செத்துட்டதாச் சொல்லிட்டேன்."

தங்கசாமி அவளைப் பார்த்தார். பிறகு கஞ்சியைப் பார்த்தார்.

"ஏன் டாக்டராகணும்னு கேப்பாங்கன்னு இவியதான் ஒரு பதிலை எழுதிக் கொடுத்தாங்க. எங்க தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்துச்சு, ஊர்ல டாக்டர் இல்ல, போற வழியிலயே இறந்துட்டாரு, அதனால நான் டாக்டராகணும்னு. நான் மனப்பாடம் பண்ணிச் சொன்னேன். அம்மாவைப் பெத்த தாத்தாவா, அப்பாவைப் பெத்தவரான்னு கேட்டாங்க. பயத்துல, அப்பாவைப் பெத்தவரு, எங்க கூட இருந்தவருன்னு சொல்லிட்டேன்."

"எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்லுது ஐயா" என்றான் மணிகண்டபிரபு. "பாதிப் பேரு தாத்தாவைச் சொல்லுது, பாதிப் பேரு பாட்டியைச் சொல்லுது. மத்த வீட்ல ஸ்பான்சர் அப்பாவா இருப்பாரு. ஒங்க வீட்லதான் இப்படி ஆயிப்போச்சு."

தங்கசாமி கஞ்சிச் சட்டியைத் தள்ளி வைத்தார். செம்பை எடுத்து வாசலில் போய்க் கை கழுவினார். திரும்பி வந்தபோது குரல் உயரவில்லை.

"சரி. நான் செத்துட்டேன். இப்ப என்ன செய்யணும்?"

மணிகண்டபிரபுவுக்கு அது சம்மதம் போலக் கேட்டது. படபடவென்று சொன்னான். "ரொம்ப லேசு ஐயா. நம்ம பக்கத்துல தாத்தாவோட தம்பியையும் தாத்தான்னுதான் கூப்பிடுவோம்னு பதில் போட்டுட்டேன். நேர்முகத்துல பாப்பா செத்தவரு பேரைச் சொல்லல. அதனால ஒங்க பேரு தங்கசாமியாவே இருக்கட்டும். செத்தவருக்கு நீங்க தம்பி. திங்கக்கிழமை அங்க ஆபீஸ்ல இருக்க ஒரு தமிழ்ப்பொண்ணு ஒங்கட்டப் பேசும். 'செத்தவரு எங்க அண்ணன், நான் பேத்தியைப் படிக்க வைக்கேன்'னு ஒரு வார்த்தை. முடிஞ்சது."

"எங்க அப்பாவுக்கு நான் ஒத்தைக்கு ஒரு மகன்."

"அது அவங்களுக்குத் தெரியாதே ஐயா."

"எனக்குத் தெரியும்ல." தங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏலே, உயிரோட இருக்கவனைச் செத்தான்னு எழுதிக் கொடுத்தது நீ. அதை எம்பேத்தி வாயில வச்சதும் நீ. இப்ப நான் எனக்கே தம்பியாகணும். அப்படித்தான?"

மணிகண்டபிரபு சீனியைப் பார்த்தான். சீனி விதைச்சாக்கின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று விதைப்பு நடந்தது. டிராக்டர் முன்னால் போக, பின்னால் கரிசல் கட்டிகட்டியாகப் புரண்டது. ஓடைக்கு அந்தப் பக்கம், முன்பு கிடை போட்ட புஞ்சைகளில் சூரிய வெளிச்சத்தில் கரண்டு எடுக்கும் தகடுகள் வரிசையாகப் பளபளத்தன. தங்கசாமி வரப்பில் நின்றார். ராத்திரி காட்டுப்பன்றி கிளறிய இடங்களைக் காலால் நிரவிவிட்டுக்கொண்டே வந்தார். வெயில் தாழ்ந்த பிறகுதான் சீனி தண்ணீர் குடிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து நின்றான். அப்பாவுக்கு எதிரே நின்று பேசிப் பழகாதவன். பக்கவாட்டில் நின்று, காட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அவ ரெண்டு வருசமா வெளிய தலை காட்டல. கல்யாணம், காச்சி எதுக்கும் வரல."

"தெரியும்."

"இந்த வருசம் போனா பெறகு எழுத மாட்டேன்னுட்டா."

"அதுக்காக?"

"ஒண்ணுமில்ல. சொன்னேன்" என்றான் சீனி. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு டிராக்டர் பக்கம் போனான்.

சாயங்காலம் வள்ளிமயில் தன் பங்குக்கு ஆரம்பித்தாள். தோசைக்கல்லில் கண்ணை வைத்துக்கொண்டே, "மாமா, செத்ததாச் சொன்னா ஆயுசு கெட்டிம்பாங்க. காக்கா தலையில தட்டிட்டா தோஷம்னு, உயிரோட இருக்கவருக்கு நாமளே எழவு சொல்லி விடுதோமே. போன வருசம் எங்க சித்தப்பாவுக்குத் தட்டினப்ப நான் தெருவெல்லாம் அழுதுக்கிட்டுப் போகல? போனா, அவரு உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டு இருக்காரு" என்றாள்.

"அது எமனை ஏமாத்தச் சொல்லுத பொய். மறுநாளே உண்மையையும் சொல்லிச் சிரிச்சிருதோம். இது சீட்டு வாங்கச் சொல்லுத பொய். இதை என்னைக்குத் திருப்பிச் சொல்ல?"

தோசை ஒரு பக்கம் கருகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இந்துஜாவே வந்தாள். பட்டியில் ஒரு மறி ஆட்டுக்குக் குளம்பில் ஈரப்புண் வைத்திருந்தது. தங்கசாமி அதைத் தொடைக்கு இடையில் இடுக்கிக்கொண்டு மருந்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீங்க பேச வேண்டாம் தாத்தா. நானே பேசி, பொய் சொல்லிட்டேன்னு சொல்லிருதேன்."

"சொன்னா?"

"சேத்துக்கிட மாட்டாங்க. பொய் சொல்லுதவளை எப்படிச் சேப்பாங்க?"

"பெறகு என்ன செய்வ?"

"தெரியல." மருந்து வைத்த இடத்தில் உட்கார வந்த ஈயை விரட்டினாள். "ஒங்க பேரைக் கெடுத்துட்டேன்ல."

தங்கசாமிக்குச் சுரீரென்றது. அவள் அழுதிருந்தால் வைதிருப்பார். அழவில்லை. இவள் வாயாலேயே 'நான் பொய்க்காரி' என்று கண்காணாத தேசத்து ஆட்கள் முன்னால் சொல்லப் போகிறாள். தங்கசாமியின் பேத்தி பொய்க்காரி. அது வெளியே தெரியாது என்று இவர்கள் சொல்லலாம். ஓடைக்கு அந்தப் பக்கம் சொன்னது இந்தப் பக்கம் வராமல் இருந்ததுண்டா? வராவிட்டாலும்தான் என்ன, அவளுக்குத் தெரியுமே. ஆயுசுக்கும் தெரியுமே. ஆடு மேய்ந்தால் ஆட்டையா கூட்டத்தில் நிறுத்துவார்கள்?

மறியை விட்டார். அது நொண்டிக்கொண்டு மற்ற ஆடுகளோடு போய்ச் சேர்ந்தது.

"நான் பேசுதேன்" என்றார்.

"என்னன்னு தாத்தா?"

"என்ன பேசுவேன்னு கேக்காத. எந்திச்சுப் போ."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கே மணிகண்டபிரபு வந்துவிட்டான். மறுபடியும் வெள்ளை வேட்டி கட்டினார்கள். தங்கசாமி அதே புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை படத்துக்குள் உட்கார்ந்தார். பக்கத்தில் இந்துஜா. சீனி ஜன்னலோரம், வள்ளிமயில் அடுப்படி வாசலில்.

"அண்ணன்னு சொல்லணும் ஐயா. மறந்துறாதீங்க" என்று மணிகண்டபிரபு காதோரம் குனிந்தான்.

"தள்ளி நில்லுடே. வேர்க்குது" என்றார் தங்கசாமி.

திரையில் ஒரு பெண் வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். "வணக்கம் தாத்தா. எம்பேரு ஜெயப்பிரியா. எனக்கு மதுரைப் பக்கம். இங்க அட்மிஷன் ஆபீஸ்ல இருக்கேன்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைக்கார அம்மாளும் இருந்தாள். "சில விஷயம் மட்டும் கேட்டுக்கிறோம். நீங்க இந்துஜாவுக்கு என்ன வேணும்?"

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் தங்கசாமியும் பேத்தியும் தெரிந்தார்கள். அவர் நிமிர்ந்திருந்தார். அவள் தலை குனிந்திருந்தது. அய்யனார் கோயில் வாசலில் திருடிப் பிடிபட்டவன் நிற்பானே, அப்படி ஒரு குனிவு. நிமிரச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இந்த வீட்டில் யாரும் அப்படிக் குனிந்ததில்லை.

"தாத்தா? கேக்குதா?"

"கேக்குது. நான் தாத்தா வேணும். இவளைப் பெத்த தகப்பனுக்குச் சித்தப்பன்."

ஜன்னலோரம் சீனி நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப இறந்துபோனவர்..."

"எங்க அண்ணன்."

ஜெயப்பிரியா பக்கத்தில் திரும்பி இங்கிலீஷில் சொன்னாள். வெள்ளைக்கார அம்மாள் ஏதோ கேட்டாள். "எப்படி நடந்ததுன்னு கேக்குறாங்க தாத்தா. சொல்ல முடிஞ்சா சொல்லுங்க."

மணிகண்டபிரபு அவசரமாகக் கையை ஆட்டினான். இதற்கு அவன் பதில் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. தங்கசாமிக்கோ இல்லாததை இட்டுக்கட்டத் தெரியாது. ஒரு ஆட்டுக்குட்டியின் நிறத்தைக்கூட மாற்றிச் சொன்னவரில்லை. உள்ளங்கையை முழங்காலில் வைத்தார்.

"ஐப்பசி மழை" என்றார். "அப்ப இங்கன ரோடு கிடையாது. மூணு நாளா அடைமழை. காலையில இருந்தே நெஞ்சை அடைக்குது, மூச்சு முட்டுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா... இருந்தாரு. வண்டி கட்டினோம். ஊரைத் தாண்டல, சக்கரம் அச்சு வரைக்கும் எறங்கிப் போச்சு. கரிசல் மண்ணு பாருங்க. நனைஞ்சா விடாது. பெறகு கட்டிலோட தூக்கினோம். நாலு பேரு. கால்ல மண்ணு அப்பி அப்பி ஒவ்வொரு காலும் உரல் மாதிரி ஆயிரும். கொஞ்ச தூரம் நடப்போம், கட்டிலை எறக்குவோம், பண்ணரிவாளால மண்ணை வழிச்சுப் போடுவோம், திரும்பத் தூக்குவோம். ஓடை தெரியுது. ஓடைக்கு அந்தப் பக்கம் பஸ் நிக்குதது தெரியுது. சத்தம் போட்டோம். டிரைவருக்குக் கேக்கல. முந்தா... துண்டை வாயில கடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. வலியில சத்தம் போட்டாத் தூக்குதவங்க பயந்துருவாங்கன்னு. ஓடைக்கரையில மண்ணை வழிக்கக் கட்டிலை எறக்கினோம். வழிச்சு முடிச்சுக் குனிஞ்சு பாக்கேன், துண்டை விட்டாச்சு."

அடுப்படி வாசலில் வள்ளிமயில் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சீனி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான்.

அந்தப் பக்கம் ஜெயப்பிரியா மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். வெள்ளைக்கார அம்மாள் போன தடவை போலவே நெஞ்சில் கை வைத்தாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு தாத்தா. கடைசியா ஒண்ணு. பொண்ணு தாத்தாவைப் பத்தி அவ்வளவு சொல்லிச்சு. அவர் எப்படிப்பட்டவர்னு அம்மா கேக்குறாங்க."

தங்கசாமியின் முதுகு அசையவில்லை.

"பொய் சொல்ல மாட்டாரு" என்றார். "வேற ஒண்ணும் பெருசாச் சொல்லதுக்கில்ல."

படம் அணைந்ததும் மணிகண்டபிரபு கையைத் தட்டாத குறைதான். "ஐயா, அசத்திட்டீங்க! இப்பவே மெசேஜ் வந்துட்டு, சேத்துக்கிடுதாங்களாம். இன்னும் ரெண்டு பிள்ளைங்களுக்கு இதே மாதிரி..."

தங்கசாமி அவன் பக்கம் திரும்பினார். அவன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

இந்துஜா நகராமல் உட்கார்ந்திருந்தாள். "தாத்தா, நீங்க சொன்னது... அது யாரு?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். வள்ளிமயில்தான் சொன்னாள். "ஒங்க ஆச்சி. செல்வமாரி. ஒங்கப்பாவுக்கு அப்ப விவரம் தெரியாத வயசு. எனக்கே இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பெறகு ஊர்க்காரங்க சொல்லித்தான் தெரியும்."

"ஆச்சி காய்ச்சல்ல செத்தாங்கன்னுதான எனக்குத் தெரியும்." இந்துஜா தாத்தாவின் பக்கம் திரும்பினாள். "இதை எனக்குச் சொல்லியிருந்தா நான் இதையே சொல்லியிருப்பேனே. பொய்யே சொல்லியிருக்க வேண்டாமே."

பொண்டாட்டி செத்ததை நாலு பேரிடம் சொல்லி அனுதாபம் வாங்குவது ஆம்பளைக்கு அழகில்லை என்று இருந்துவிட்டவர் தங்கசாமி. சட்டையை மடித்துப் பேத்தியின் மடியில் வைத்தார். அவள் தலையில் கை வைத்து, நெற்றி நிமிரும் மட்டும் மெல்லப் பின்னுக்குத் தள்ளினார்.

"குனியாத. போய்ப் படி."

வெளியே வந்தார். வாசலை ஒட்டிய தண்ணீர்த்தொட்டி நிறைந்திருந்தது. வேட்டியோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வாளியில் மோந்து தலையில் ஊற்றினார். எண்ணெய் இல்லை, சீயக்காய் இல்லை. ஒரு வாளி, அடுத்த வாளி, அதற்கு அடுத்ததும் தலை வழியாக அப்படியே.

உச்சி வெயிலில், கட்டின வேட்டியோடு, வெறுந்தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரைப் பார்த்ததும் பாண்டியம்மாளுக்கு விளங்கிவிட்டது. களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, சேலைத்தலைப்பைத் தோளோடு போர்த்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, எழவுச் சேதியா? எந்த ஊர்ல இருந்து வந்துச்சு? யாரு தவறிட்டாக?"

தங்கசாமி அடுத்த வாளியை ஊற்றினார். தண்ணீர் முகத்தில் வழிந்தது.

"எங்க அண்ணன்."

பாண்டியம்மாள் திகைத்தாள். ஐம்பது வருசமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவள். "ஒங்களுக்கு ஏது அண்ணாச்சி அண்ணன்?"

அவர் காலி வாளியைத் தொட்டித் திண்டில் கவிழ்த்து வைத்தார்.

"இருந்தாரு" என்றார்.